கோடியக்கரையிலிருந்து ஒரு நாள்: ஒல்லாந்தர் விட்டுப்போன ஊர்

கோடியக்கரைக்கு வருகிறவர்கள் பூநாரையையும் வெளிமானையும் இரண்டு நாளில் பார்த்து முடித்துவிடுவார்கள். மூன்றாம் நாள் என்ன செய்வது என்று கேட்பார்கள். அவர்களுக்காகத்தான் இந்த அத்தியாயம்.

ஐரோப்பாவுக்குப் போகிறவர்களின் கையேடுகளில் டெல்ஃப்ட் என்ற ஒல்லாந்து ஊர் தவறாமல் இருக்கும். காலை ரயிலில் போய், வாய்க்கால் ஓரம் நடந்து, நீலமும் வெள்ளையுமாகப் பூப்போட்ட தட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு சாயங்காலம் திரும்பிவிடலாம். நம் கரையிலும் ஓர் ஒல்லாந்து ஊர் இருக்கிறது. கோடியக்கரையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தூரத்தில் நாகப்பட்டினம். சோழமண்டலக் கரையிலிருந்த ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1690 முதல் 1781 வரை அதுதான் தலைமையிடம். போகிற வழியில், வேளாங்கண்ணியில், பீங்கான் தட்டுகளும் உண்டு.

ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். வாய்க்கால் ஓரத்து வீடுகளையும் சதுக்கத்தையும் எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். நாகையில் ஒல்லாந்தர் மிச்சம் முழுசாக எங்கும் கிடைக்காது. ஒரு தேவாலயம், சில கல்லறைகள், ஒன்றிரண்டு சொற்கள், நாணயக்கடையில் கிடைக்கும் தேய்ந்த செப்புக்காசு என்று ஓடு ஓடாகச் சிதறித்தான் கிடக்கிறது. பானை உடைந்த இடத்தில் ஓடு பொறுக்கும் மனசோடு போக வேண்டும்.

எப்போது, எப்படி

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போகாதீர்கள். கடற்கரைச் சாலையில் தண்ணீர் நின்றால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள். தையும் மாசியும் நல்ல மாதங்கள். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. தெரியாமல் அந்த நாட்களில் ஒரு தடவை கிளம்பினேன். காவி உடையில் நடந்துபோகும் கூட்டத்தின் பின்னால் பேருந்து ஊர்ந்து போனது, நாகைக்குள் நுழையும்போது உச்சிவெயில். நாகூர் கந்தூரியும் அப்படித்தான். ஹிஜ்ரி மாதத்தை வைத்து நடப்பதால் ஆண்டுதோறும் தேதி மாறும், விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கோடியக்கரையிலிருந்து வேதாரண்யம் வரை ஒரு பேருந்து, அங்கிருந்து திருப்பூண்டி, வேளாங்கண்ணி வழியாக நாகைக்கு இன்னொன்று. விடிந்ததும் கிளம்புங்கள். அகத்தியம்பள்ளி உப்பளத்தில் பாத்தி பாத்தியாக வெள்ளை குவிந்திருப்பதைக் காலை வெளிச்சத்தில் பார்ப்பதே தனி. 1930 ஏப்ரலில் ராஜாஜியும் தொண்டர்களும் திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியது இந்தப் பகுதியில்தான். வேதாரண்யத்தில் இறங்கியதும் முதல் வேலையாக, நாகையிலிருந்து திரும்பும் கடைசி வண்டி எப்போது, அதற்குக் கோடியக்கரை இணைப்பு உண்டா என்று நேரக்காப்பாளரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தேநீர் அதற்குப் பிறகு.

வழியில் ஒரு வாய்க்கால் கண்ணில் பட்டுக்கொண்டே வரும். உப்பை நாகைக்குப் படகில் கொண்டுபோக 19ஆம் நூற்றாண்டில் வெட்டிய வேதாரண்யம் கால்வாய் அது. பொன்னியின் செல்வன் படித்தவர்களுக்கு உடனே பூங்குழலி ஞாபகம் வருவாள். காய்ச்சலில் கிடக்கும் அருள்மொழியைக் கோடியக்கரையிலிருந்து நாகைச் சூடாமணி விகாரத்துக்கு அவள் கால்வாய் வழியாகத்தானே படகில் கொண்டுபோகிறாள். கதைக்காகக் கல்கி காலத்தை முன்னே இழுத்துக்கொண்டார். விகாரம் எழுந்தது அதே அருள்மொழி, ராஜராஜனாகி முடிசூடி ஏறத்தாழ இருபது ஆண்டு ஆன பிறகு.

வேளாங்கண்ணியில் தட்டுகள்

ஊரைச் சேர்ந்ததும் கடற்கரைப் பக்கம் திரும்பாதீர்கள். கூட்டம் சேருமுன் நேராகப் பேராலயத்துக்குள் போங்கள். பீடத்தில் மாதா சொரூபத்தைச் சுற்றிப் பீங்கான் தட்டுகள் பதித்திருப்பதைப் பாருங்கள். விவிலியக் காட்சிகள் தீட்டியவை. 17ஆம் நூற்றாண்டில் புயலில் சிக்கிக் கரை சேர்ந்த போர்ச்சுகீசிய மாலுமிகள், செப்டம்பர் 8ஆம் தேதி உயிர் தப்பியதற்கு நன்றியாகக் கோயில் எடுத்தார்கள் என்றும், பின்னால் வந்தபோது சீனாவிலிருந்து இந்தத் தட்டுகளைக் கொண்டுவந்து பதித்தார்கள் என்றும் தல வரலாறு சொல்கிறது. வருகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட இவற்றைக் கவனிப்பதில்லை. மெழுகுவர்த்தி, தென்னங்கன்று, மொட்டை என்று அவரவர் நேர்த்திக்கடன் அவரவருக்கு. உள்ளே படம் எடுக்கக் கைபேசியைத் தூக்காதீர்கள். பூசை நேரமாக இருந்தால் ஓரமாக நின்று, முடிந்த பிறகு முன்னே போங்கள்.

இந்தத் தட்டுகளிலிருந்து டெல்ஃப்டுக்கு ஒரு வழி போகிறது. வெள்ளைக் களிமண்ணில் நீல வண்ணம் தீட்டிச் சுடும் கலை சீனர்களுடையது. அந்தப் பாத்திரங்களைக் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குக் கொண்டுபோய்க் காசு பார்த்தது ஒல்லாந்தர் கம்பெனி. 1644இல் மிங் அரசு கவிழ்ந்து சீனா உள்நாட்டுப் போரில் விழுந்ததும் சரக்கு நின்றது. வாங்கிப் பழகிய கைகள் சும்மா இருக்குமா? டெல்ஃப்ட் குயவர்கள் அதே நீலத்தைத் தங்கள் ஊர் மண்ணில் தீட்ட ஆரம்பித்தார்கள். அங்கே பீர் காய்ச்சும் தொழில் நொடித்து, பட்டறைகள் காலியாகக் கிடந்தன. சூளைக்காரர்கள் அவற்றை வாங்கினார்கள். இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் ராயல் டெல்ஃப்ட் நிறுவனம் 1653இல் தொடங்கியது. ஐந்தே ஆண்டில், 1658இல், ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த கையோடு போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தையும் பிடித்தார்கள். கம்பெனியின் ஆறு கிளைச் சபைகளில் ஒன்று டெல்ஃப்ட் ஊரில்தான் இருந்தது. நாகைக் கரையில் துணி ஏற்றிய கப்பல்களின் லாபத்தில் அந்த ஊருக்கும் பங்கு போயிருக்கிறது.

தட்டு பார்க்கத் தெரிந்துகொள்ள ஒரு சின்னப் பாடம். டெல்ஃப்ட் தட்டு அசல் பீங்கான் இல்லை. சாதாரண மண் தட்டின் மேல் வெள்ளீயம் கலந்த வெள்ளைப் பூச்சு, அதன் மேல் நீலம். அதனால் விளிம்பு சிதைந்த இடத்தில் உள்ளே பழுப்பு மண் தெரியும். சீனப் பீங்கான் உடைந்தாலும் உள்ளே வெள்ளைதான். மெல்லியதாக இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும், சுண்டினால் மணி மாதிரி ஒலிக்கும். பேராலயத்தில் சுண்டிப் பார்க்க முடியாது. வீட்டில் பாட்டி காலத்து ஊறுகாய் ஜாடி இருந்தால் அதில் பழகிக்கொள்ளுங்கள். ஜாடி தடித்த சாதி, அடியில் பூச்சு ஏறாத வளையத்தைத் தடவிப் பார்த்தால் உள்ளே என்ன மண் என்று தெரிந்துவிடும்.

நாகை, உச்சிவேளைக்கு முன்

வேளாங்கண்ணியிலிருந்து நாகை 12 கி.மீ. அடிக்கடி பேருந்து உண்டு. நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் முதலில் காயாரோகணசுவாமி கோயில். ஊரார் நீலாயதாட்சி அம்மன் கோயில் என்பார்கள். ஏழு விடங்கத் தலங்களில் ஒன்று. நவக்கிரகங்கள் எல்லாம் மேற்கு நோக்கி நிற்பதைப் பார்க்கத் தவறாதீர்கள். பக்கத்தில் சௌந்தரராஜப் பெருமாள் கோயில். அதன் கோபுரம் எழ ஒல்லாந்தர் உதவினார்கள், கடலில் வரும் கப்பலுக்கு அடையாளமாக இருக்கட்டும் என்று உயரம் கேட்டார்கள் என்பது ஊரில் வழங்கும் கதை.

கதை மெய்யோ பொய்யோ, அதன் பின்னால் ஒரு நடைமுறை உண்மை உண்டு. கோடியக்கரையிலிருந்து கொள்ளிடம் வரை இந்தக் கரை தட்டு மாதிரி சமதளம். குன்று கிடையாது, பாறை கிடையாது. கடலிலிருந்து பார்த்தால் எந்த ஊர் எது என்று தெரியாது. ஆகவே உயரமாக எதை யார் கட்டினாலும் மாலுமிக்கு அது வழிகாட்டி. 1006 வாக்கில் ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரில் இங்கே புத்த விகாரம் எடுத்தான். அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைத் தானமாகக் கொடுத்தான். அந்தப் பௌத்தச் சின்னங்களில் மிஞ்சியிருந்த செங்கல் கோபுரம் ஒன்றைத்தான் ஐரோப்பிய மாலுமிகள் 'சீனக் கோயில்' என்று சொல்லிக் கரை அடையாளமாக வைத்திருந்தார்கள். நம்மவர்களுக்கு அது புதுவெளிக் கோபுரம். 1867இல் ஏசு சபையார் தங்கள் கல்லூரிக்காக அதை இடித்தார்கள். அந்தக் கல்லூரிதான் பின்னால் இடம் மாறித் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரி ஆனது. கோபுரம் இருந்த இடத்தைத் தேடி அலையாதீர்கள், பார்க்க ஒன்றும் இல்லை. 1856 முதல் வெளிப்பாளையம் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த முந்நூறுக்கும் மேற்பட்ட புத்தச் செப்புத் திருமேனிகளின் நினைவு வந்தால், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள்.

ஆனைமங்கலத் தானத்தைப் பதித்த செப்பேடு எங்கே போயிற்று என்பது ஒல்லாந்தர் கதையோடு சேர்ந்தது. வளையத்தில் கோத்த 21 ஏடுகள், ஏறத்தாழ 30 கிலோ எடை. ஒல்லாந்தர் காலத்தில் கப்பலேறி, கடைசியில் லெய்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தது. அதனாலேயே வரலாற்றுப் புத்தகங்களில் 'லெய்டன் செப்பேடு' என்று பெயர். சோழ அரசனின் ஆணை வெளிநாட்டு ஊர்ப் பெயரில் வழங்குவதைப் பள்ளியில் படித்தபோது நான் விசித்திரமாக நினைத்ததில்லை. ஆனைமங்கலத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் உறுத்தியது. லெய்டனிலிருந்து டெல்ஃப்டுக்கு ரயிலில் அரைமணிகூட ஆகாது.

தேவாலயமும் கல்லறைகளும்

ஆட்டோக்காரரிடம் "அண்ணே, டச்சு சர்ச்" என்றால் சிலர் விழிப்பார்கள். "பீட்டர்ஸ் சர்ச்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். புனித பேதுரு ஆலயம் 1774இல் ஒல்லாந்தர் கட்டியது. நாகையில் அவர்கள் கட்டி இன்றும் வழிபாட்டில் இருக்கும் கட்டடம் இதுதான். ஏழு ஆண்டுதான் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தது, அதற்குள் ஊர் கைமாறிவிட்டது. கதவு பூட்டியிருந்தால் கோயில்பிள்ளையைத் தேடிப் பிடியுங்கள், பொறுமையாகக் கேட்டால் திறந்து காட்டுவார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனை நேரத்தில் சுற்றிப்பார்க்கிற ஆளாக உள்ளே போகாதீர்கள். ஆராதனைக்கு வந்தவராக உட்கார்ந்தால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்.

கல்லறைத் தோட்டத்துக்கு ஆங்கிலேயர் குறிப்புகளில் 'காரிக்கோப்' என்று பெயர். கெர்க்கோஃப் என்ற ஒல்லாந்துச் சொல் நம் வாயில் விழுந்து எழுந்த உருவம் அது. அர்த்தம் கல்லறைத் தோட்டம்தான். மூடிய செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். முள்ளும் புல்லும் மண்டிய இடத்தில் காலைத் தட்டித் தட்டி வையுங்கள். படிக்க ஒரு குறுக்குவழி: ஒல்லாந்தர் கல்லறைக் கல் பெரும்பாலும் 'ஹீர்' என்ற சொல்லில் ஆரம்பிக்கும், 'இங்கே' என்று பொருள். 'இங்கே அடக்கம் செய்யப்பட்டிருப்பவர்' என்று தொடங்கி, பெயர், பதவி, பிறந்த ஊர், இறந்த நாள் என்று போகும். எழுத்து புரியாவிட்டாலும் ஊர்ப் பெயரும் ஆண்டும் கண்ணில் பட்டுவிடும்.  சாக்பீஸ் தேய்த்து எழுத்தைத் தெளிவாக்குவது, தண்ணீர் ஊற்றித் தேய்ப்பது எல்லாம் கல்லைக் கெடுக்கும். சாயங்காலச் சாய்வெயிலில் எழுத்து தானே எழுந்து நிற்கும்.

கோட்டை எங்கே என்று கேட்பீர்கள். இல்லை. 'ஐம்புலன்' என்று அழகாகப் பெயர் வைத்து ஒல்லாந்தர் கட்டிய கோட்டை. 1781 நவம்பரில் மூன்று வார முற்றுகைக்குப் பிறகு ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஹைதர் அலியோடு சேர்ந்துகொண்டும் ஒல்லாந்தரால் அதைக் காப்பாற்ற முடியவில்லை. 1784 உடன்படிக்கையில் ஊரே ஆங்கிலேயருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. 1799 முதல் 1845 வரை தஞ்சாவூர் ஜில்லாவுக்கு நாகைதான் தலைநகர் என்பதும் பலருக்குத் தெரியாது.

துறைமுகப் பக்கம் போய்க் கடலைப் பாருங்கள். இங்கிருந்து என்ன ஏற்றுமதி ஆனது என்று கையேடுகள் சொல்லும்: துணி. சோழமண்டலத் துணியைக் கொடுத்து இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்கியதுதான் கம்பெனி வியாபாரத்தின் முதுகெலும்பு. அதோடு மனிதர்களும் ஏற்றுமதி ஆனார்கள். பீஜப்பூர்ப் படை தஞ்சை நாட்டைச் சூறையாடிப் பஞ்சம் தலைவிரித்தாடிய 1659-61இல், சோற்றுக்கு வழியில்லாமல் விற்கப்பட்டவர்களை ஆயிரக்கணக்கில் விலைக்கு வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பினார்கள். நெல் விளையும் சீமையிலிருந்து போனவர்கள் அவர்கள். எந்தக் கல்லிலும் அவர்கள் பெயர் இல்லை. நீலத் தட்டின் அழகைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் பக்கம் போனால் குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 அலையில் இந்த மாவட்டம் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. அலை பற்றி நீங்களாகக் கேட்காதீர்கள். அங்கே இருப்பவர்கள் தாமாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லைவிடச் சொல்லில்தான் ஒல்லாந்தர் அதிகம் தங்கினார்கள் என்று எனக்குத் தோன்றும். 'துட்டு' அவர்களுடைய டொய்ட் என்ற செப்புக்காசு. 'கக்கூஸ்' அவர்களுடைய கக்ஹௌஸ். நூற்றுச் சொச்சம் ஆண்டு இருந்துவிட்டுப் போனவர்கள் நம் வாயில் நிறுத்திவிட்டுப்போனது காசும் கழிப்பறையும். நாகையில் அவர்கள் அடித்த சிறுகாசில் ஒரு பக்கம் அம்மன் உருவமும் மறுபக்கம் தமிழ் எழுத்தில் ஊர்ப் பெயரும் இருக்கும். கரையில் யாராவது 'டச்சுக் காசு' என்று நீட்டினால் வாங்காதீர்கள். பெரும்பாலும் போலி. அசலாக இருந்தாலும் சிக்கல்தான்: மண்ணில் கண்டெடுத்த பழம்பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால் ஆட்சியரிடம் அறிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சாயங்காலம் நாகூரில்

நாகையிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர். தர்காவின் பெரிய மினாரா 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங் கட்டிக் கொடுத்தது. நான் சொன்ன கரை அடையாள வரிசையில் இதுவும் சேரும். கடலுக்குப் போய்வரும் மீனவர்கள் இன்றும் இதைப் பார்த்துத் திசை சொல்வார்கள். தலைக்குக் கைக்குட்டை எடுத்துப்போங்கள். வெளியே வந்து வாடா வாங்குங்கள். அரிசி மாவில் இறால் வைத்துப் பொரித்தது, சூட்டோடு தின்ன வேண்டும். தம்ரூட் வீட்டுக்குக் கட்டிக்கொள்ளலாம், இரண்டு மூன்று நாள் தாங்கும். மதியச் சாப்பாட்டை நாகையிலேயே மீன்குழம்போடு முடித்துக்கொண்டால் நல்லது.

தெருக்களில் நடக்கும்போது திறந்த கதவு வழியாக உள்ளே எட்டிப்பார்க்காதீர்கள். யாராவது அழைத்து உட்காரவைத்தால் கண்ணாடி அலமாரியைக் கவனியுங்கள். சிங்கப்பூர், பினாங்கு என்று போய்வந்த மரைக்காயர் வீடுகளில் பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் இன்றும் அடுக்கியிருக்கும். விலை கேட்பது மரியாதையல்ல.

இன்னொரு நாள் கையில் இருந்தால்

தரங்கம்பாடி நாகையிலிருந்து வடக்கே 30 கி.மீ. அளவில். அது டேனியர் ஊர், ஒல்லாந்தருடையதல்ல. கைடுகளே குழப்புவார்கள். கட்டடங்களுக்காகப் போகிறவர்கள் நாகையை விட்டுவிட்டு அங்கே போவதுதான் சரி. 1620இல் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை முழுசாக நிற்கிறது. உள்ளே இருக்கும் அருங்காட்சியகத்தில் பீங்கான் சாமான்களும் சீனத் தேயிலை ஜாடிகளும் வைத்திருக்கிறார்கள். தட்டைக் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் இல்லை. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகம் மூடியிருக்கும், அன்றைக்குத் தவிர்த்துவிடுங்கள்.

டெல்ஃப்ட் என்றே பெயர் கொண்ட இடத்தைப் பார்க்க வேண்டும் என்றால் கடல் தாண்ட வேண்டும். யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். வேலணை லெய்டன் ஆனது, காரைநகர் ஆம்ஸ்டர்டாம், நெடுந்தீவு டெல்ஃப்ட். மற்ற பெயர்கள் மங்கிவிட்டன. டெல்ஃப்ட் மட்டும் இன்றும் வழங்குகிறது. 2023 அக்டோபரில் நாகையிலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. இடையிடையே நிற்கும், காற்றையும் கடலையும் பொறுத்தது. கடவுச்சீட்டு வேண்டும், இலங்கைக்கான நுழைவு அனுமதியை முன்னதாக வாங்கிக்கொள்ள வேண்டும், குறைந்தது இரண்டு இரவு ஒதுக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் குறிகட்டுவான், அங்கிருந்து படகில் ஒரு மணிநேரம். பவளக்கல் அடுக்கிய வேலிகள், கோட்டை இடிபாடு, தடித்த பெருக்கமரம், திரிந்து மேயும் மட்டக்குதிரைகள் எல்லாம் உண்டு. பெயர் டெல்ஃப்ட் என்றாலும் பீங்கானுக்கும் அந்தத் தீவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நிழல் குறைவு, தண்ணீரைக் குறிகட்டுவானிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.